பாட்டி மாத்திரை போட்டாங்களா? போதையில் வண்டி ஓட்டாமலிருக்க பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்துகொள்ளும் ஏற்பாடு

"குடிச்சிட்டு வண்டி ஓட்டாதே" என்று பிள்ளையிடம் சொல்லாத வீடு சேலத்தில் இருக்காது. ஆனால் அந்தச் சொல் கைகொடுக்காத ஒரு நேரம் உண்டு. இரவு பத்தரை மணி. கோரிமேடு பக்கம் ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடி. கேக் வெட்டி முடிந்தாகிவிட்டது. கூட்டிக்கொண்டு வந்தவன் குடித்திருக்கிறான். வீட்டுக்குப் போன் போட்டால் அப்பா கத்துவார். யாரைக் கூப்பிடுவது, எதில் வருவது, வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாத பையன், அந்த வண்டியின் பின்னால்தான் ஏறி உட்காருவான்.

இந்த வழிகாட்டி அந்த மூன்று பதில்களையும் முன்கூட்டியே தயார் செய்வதைப் பற்றியது. 15 முதல் 19 வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு எழுதியது. முழு ஏற்பாட்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பண்டிகைக்கோ, ஃபேர்வெல்லுக்கோ, டிசம்பர் 31-க்கோ ஒரு வாரம் முன்பே உட்காருங்கள். அன்றைக்கு சாயங்காலம் வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வது காதில் ஏறாது.

கணக்கில் ஆரம்பியுங்கள்

ஒழுக்கத்தில் ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் பையன் போனை எடுத்துவிடுவான். ஒரு தாளும் பேனாவும் எடுத்து இருவருமாகக் கணக்குப் போடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185-ன்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். அந்த 30 எவ்வளவு சின்ன அளவு என்று பலருக்கும் தெரியாது. 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால், அதில் 52 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் சுமார் 41 கிராம். 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், 77 மில்லி. சுமார் 61 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறக்குறைய 41 கிலோவில்தான் ஆல்கஹால் கலக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு ஸ்ட்ராங் பீர் 100 மில்லிகிராமை ஒட்டிக் கொண்டுபோய் விடுகிறது. குவார்ட்டர் 150. கட்டிங், அதாவது குவார்ட்டரில் பாதி, 75. ஒரே ஒரு 60 மில்லி பெக் 50. அதே எடையுள்ள பெண்ணுக்கு இது இன்னும் கால் பங்கு கூடும். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறுவது மெதுவாகும், உச்சமும் கொஞ்சம் குறையும். ஆனாலும் 100 என்பது 30 ஆகிவிடாது.

இறங்குவது எப்படி என்பதுதான் அடுத்த கணக்கு. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறைக்கும். அதை யாராலும் விரட்ட முடியாது. மோர், எலுமிச்சை, ஊறுகாய், கட்டங்காப்பி, தலைக்குத் தண்ணீர், வாந்தி எடுப்பது என்று நம் பக்கம் சொல்லும் வைத்தியம் எதுவும் அந்த 15-ஐ 20 ஆக்காது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் தலை நனையும், அவ்வளவுதான். மின்ட் மிட்டாய் வாசனையை வேண்டுமானால் மறைக்கும். ஊதும் கருவி அளப்பது நுரையீரலிலிருந்து வரும் ஆல்கஹாலை. அதை மிட்டாய் மறைக்காது.

இந்த இடத்தில் கல்யாண உதாரணத்தைப் போட்டுக் காட்டுங்கள், பெரியவர்களுக்கே உறைக்கும். வரவேற்பு முடிந்து இரவு 10 மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் ஆரம்பித்து 11-க்குள் ஒரு குவார்ட்டர். தூங்கி எழுந்து, குளித்து, விபூதி வைத்து, விடியற்காலை 5 மணி முகூர்த்தத்துக்கு மாமா காரை எடுக்கிறார். 7 மணி நேரத்தில் கழிந்தது 105. மிச்சம் 45. மாமா தெளிவாகத்தான் பேசுவார். சட்டத்தின் கணக்கில் அவர் இன்னும் குடித்திருக்கிறார்.

இந்த 30-ஐ வைத்து "அப்போ கொஞ்சம் குடிக்கலாமா?" என்று பிள்ளை கேட்டால் பதில் சுலபம். தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21. அதற்குக் கீழே இருப்பவருக்கு அளவே பூஜ்யம். 30 என்பது அப்பாவும் சித்தப்பாவும் பார்க்க வேண்டிய எண்.

தண்டனையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். பிரிவு 185-ல் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 2 வருடம் வரை, 15,000 ரூபாய். குடித்திருக்கிறான் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்தவர்மீதும் உடந்தை என்று பிரிவு 188 பாயலாம். வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் வராது. அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடும் உரிமையாளர் தலையில் விழக்கூடும்.

பெற்றோர் தனியாக ஒருமுறை படிக்க வேண்டியது 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 199ஏ. 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "16 வயசுல லைசென்ஸ் உண்டே" என்பார்கள். அது கியர் இல்லாத 50 சிசி வரையிலான வண்டிக்கு மட்டும். வீட்டில் நிற்கும் 110, 125 சிசி ஸ்கூட்டருக்கு அது செல்லாது.

இதனால்தான் "அப்பா கொஞ்சம் சாப்பிட்டுட்டார், பையன் ஓட்டிடுவான்" என்பதைத் தீர்வாகவே நினைக்கக் கூடாது. குடித்த அப்பாவிடமிருந்து 16 வயதுப் பையனுக்குச் சாவி கைமாறினால், ஒரு ஆபத்து இன்னொரு ஆபத்தாக மாறுகிறது. அப்பா பின் சீட்டில் உட்கார்ந்தபடியே பிரிவு 199ஏ-க்குள் வந்துவிடுகிறார்.

ஒப்பந்தத்தை இரண்டு கையெழுத்தில் எழுதுங்கள்

அச்சடித்த படிவம் வேண்டாம். பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாள். பிள்ளை தன் பகுதியைத் தன் கையால் எழுத வேண்டும், பெற்றோர் தங்கள் பகுதியைத் தாங்கள் எழுத வேண்டும். மாதிரிக்கு இப்படி:

பிள்ளை எழுதுவது: "குடித்திருந்தாலோ, மாத்திரை, கஞ்சா என்று எது எடுத்திருந்தாலோ வண்டியைத் தொட மாட்டேன். அப்படிப்பட்டவர் ஓட்டும் வண்டியில் ஏற மாட்டேன், அது நம் சொந்தக்காரராக இருந்தாலும். சிக்கிக்கொண்டால் வீட்டுக்குச் சொல்வேன்."

பெற்றோர் எழுதுவது: "எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து கூப்பிட்டாலும் வருவோம் அல்லது ஆள் அனுப்புவோம். கூட இருக்கும் நண்பர்களையும் ஏற்றிக்கொள்வோம். அன்று இரவு கேள்வி கேட்க மாட்டோம், கத்த மாட்டோம், கை ஓங்க மாட்டோம். மறுநாள் சாப்பிட்ட பிறகு பேசுவோம். நாங்களும் குடித்தால் வண்டி எடுக்க மாட்டோம்."

இந்தத் தாளின் பலம் முழுக்க இரண்டு வரிகளில் இருக்கிறது. ஒன்று, "அன்று இரவு கேள்வி கேட்க மாட்டோம்." பல அப்பாக்கள் இங்கேதான் பேனாவை வைத்துவிடுவார்கள்: "அப்போ குடிக்கறதுக்கு நானே பர்மிஷன் கொடுத்த மாதிரி ஆயிடாதா?" ஆகாது. குடித்ததற்கான பேச்சும் தண்டனையும் மறுநாளைக்கு இருக்கிறது. போன் செய்ததற்குத் தண்டனை கிடையாது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் பிள்ளை அடுத்த முறை போன் செய்யாது. முதல் அழைப்பிலேயே காருக்குள் திட்டித் தீர்த்த அப்பாவுக்கு இரண்டாவது அழைப்பு வராது.

இன்னொன்று பெற்றோர் தங்களைப் பற்றி எழுதும் கடைசி வரி. அதை எழுத முடியாத அப்பா இருந்தால், தாளை மடித்து வைத்துவிட்டு முதலில் அந்தப் பேச்சை முடியுங்கள். சனிக்கிழமை தோறும் பைக்கில் போய்க் குடித்துவிட்டுத் திரும்பி வருபவர் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினால், அந்தத் தாளின் மதிப்பு பிள்ளைக்குத் தெரியும். குடிப்பதை நிறுத்த முடியவில்லை என்றாலும் வண்டியை நிறுத்த முடியும். நடந்து போய் வரலாம், ஆட்டோவில் வரலாம், ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடலாம். நம்பகமான ஆக்டிங் டிரைவர் இரண்டு பேரின் எண்ணை வாங்கி, இரவு வாடகையையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போன் அழைப்பை ஒத்திகை பாருங்கள்

நண்பர்கள் முன்னால் "என்னை வந்து கூட்டிட்டுப் போங்கப்பா" என்று சொல்வது 16 வயதில் முடியாத காரியம். அதனால் ஒரு சங்கேத வரி வேண்டும். வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் வரியாக இருந்தால் நல்லது. "பாட்டி மாத்திரை போட்டாங்களா?" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், வரச் சொல்கிறான் என்று அர்த்தம்.

அது வந்த இரண்டு நிமிடத்துக்குள் அப்பாவோ அம்மாவோ திருப்பிக் கூப்பிட வேண்டும். எரிச்சலான குரலில், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி:

"எங்கடா இருக்க? பாட்டிக்கு முடியல. உடனே கிளம்பணும். வண்டியில வராத, நானே வரேன். லொகேஷன் அனுப்பு."

"இப்பவாப்பா? சரி, அனுப்பறேன்."

பழியை வீட்டின் மேல் போட்டுவிட்டுப் பையன் மானத்தோடு வெளியே வந்துவிடலாம். "எங்கப்பா ஒரு மாதிரிடா" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பெயரை அப்பா வாங்கிக்கொள்வதில் தப்பில்லை.

இதைச் சாப்பாட்டு மேசையில் ஒரு முறையாவது நிஜமாகவே செய்து பாருங்கள். ஓட்டைகள் அப்போதுதான் தெரியும். அப்பாவின் போன் பத்து மணிக்கு மேல் சைலன்ட்டுக்குப் போய்விடுகிறதா? பிள்ளையின் எண் மட்டும் சைலன்ட்டிலும் மணியடிக்கும்படி அமைப்பை மாற்றுங்கள். பிள்ளையின் போன் செத்துவிட்டால்? இரண்டு எண்களை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லுங்கள். இன்றைய பிள்ளைகள் பலருக்கு அம்மாவின் எண்ணே தெரியாது. போன் உறைக்குள் ஒரு 500 ரூபாய் நோட்டை மடித்து வையுங்கள், அது ஆட்டோவுக்கு மட்டும். அழைப்பு வரும்போது அப்பாவே குடித்திருந்தால்? அதற்காகத்தான் மூன்றாவது ஆள். குடிக்காத ஒரு மாமா, வண்டி ஓட்டத் தெரிந்த அத்தை, அடுத்த தெரு அண்ணன் என்று ஒருவரிடம் இப்போதே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த மூன்றாவது ஆளை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

குடித்த சித்தப்பா வண்டியில் ஏறச் சொன்னால்

நண்பனிடம் மறுப்பதைவிட இது கஷ்டம். ஆடிப் பண்டிகை முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரம். சித்தப்பா வண்டியை உதைத்துவிட்டு "ஏறு கண்ணு" என்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளை "நீங்க குடிச்சிருக்கீங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். காரணத்தைத் தன் மேல் போட்டுக்கொள்வது நல்லது: "எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு சித்தப்பா, நான் சித்திகூடவே பஸ்ல வரேன்." சொல்லிவிட்டு உடனே நகர்ந்து பெண்கள் கூட்டத்துக்குள் போய்விட வேண்டும். நின்று பேசினால் ஏற்றிவிடுவார்கள்.

சாவியைப் பிடுங்குவது பிள்ளையின் வேலை இல்லை. தாத்தாவிடமோ அம்மாவிடமோ சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். பெரியவர்கள் வாங்குவதற்கும் ஒரு முறை உண்டு. "கொடுங்க" என்று கேட்டால் ரோஷம் வரும். "மாப்ள, வண்டி வழியை மறைக்குது, சாவி குடு, தள்ளி விடறேன்" என்று வாங்கியவர் திருப்பிக் கொடுக்க மறந்துவிட வேண்டும். ஒரு பாயையும் தலையணையையும் திண்ணையில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏற்காடு போவதாக இருந்தால்

சேலத்துப் பிள்ளைகளின் பிறந்தநாள், ரிசல்ட், லீவு எல்லாம் கடைசியில் ஏற்காட்டில்தான் போய் முடியும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது யாருக்கும் பயம் இருக்கும். விபரீதம் இறங்கும்போதுதான், அதுவும் மேலே சாப்பிட்டு, குடித்து, சாயங்கால மூடுபனி இறங்கிய பிறகு.

ஏன் என்பதைப் பிள்ளைக்கு விளக்க ஒரு சின்னக் கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 11 மீட்டர் போகிறது. போதையில் பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமானால் ஐந்தரை மீட்டர் அதிகம் ஓடியிருக்கும். ஒரு காரின் நீளத்துக்கும் மேல். கொண்டை ஊசி வளைவில் அந்த ஐந்தரை மீட்டரில் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடலாம், அங்கே பேருந்து ஏறி வந்துகொண்டிருக்கும். இதோடு ஸ்கூட்டரின் குறை ஒன்றும் சேர்கிறது. கியர் பைக்கை இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிமானம் குறைவு, மொத்த பாரமும் பிரேக்கில் விழும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி, கீழே வரவர பிரேக் கைக்கு அடங்காமல் போகும். நிதானமாக இருப்பவர் கருகிய வாடையை மோந்து நிறுத்துவார். போதையில் இருப்பவருக்கு அது தெரியாது. இருட்டிய பிறகு காட்டெருமை வேறு குறுக்கே வரும், அது ஹாரனுக்கு ஒதுங்காது.

அதனால் ஏற்காட்டுக்கு விதி தனி. அனுமதி கேட்கும்போதே மூன்று பதில் வேண்டும்: எதில் போகிறீர்கள், யார் ஓட்டுவது, இரவா பகலா? இருப்பதிலேயே நல்லது சேலத்திலிருந்து பேருந்தில் போய்ப் பேருந்தில் வருவது. கடைசிப் பேருந்து நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வண்டியில்தான் என்றால், லைசென்ஸ் உள்ளவர் மட்டும், இருட்டுவதற்கு முன் அடிவாரம் வந்து சேர்ந்துவிட வேண்டும். மேலே யாராவது குடித்துவிட்டால் அன்று யாரும் இறங்கக் கூடாது. அறை எடுத்துத் தங்குவதற்கான காசை அப்பா கொடுப்பார் என்பதையும் தாளில் சேர்த்து எழுதுங்கள். இரவில் சேலத்திலிருந்து போய்க் கூட்டி வரலாம் என்றாலும், அவசரம் இல்லாவிட்டால் விடிந்து போவதே மேல். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. சங்கேத வரியை நம்பியிருக்காமல், ஊருக்குள் இருக்கும்போதே ஒரு தடவை பேசிவிட வேண்டும்.

"ஓட்டறவன் குடிக்க மாட்டான்" என்ற ஏற்பாடு நண்பர்கள் கூட்டத்தில் எப்போதும் ஒரே மாதிரிதான் உடையும். ஓட்டுபவனைக் கடைசியில் தேர்ந்தெடுப்பார்கள், இருப்பதில் குறைவாகக் குடித்தவன் மாட்டுவான். கிளம்பும் முன்பே பெயர் முடிவாக வேண்டும், சாவி காலையிலிருந்து அவன் பாக்கெட்டில் இருக்க வேண்டும், அவன் சாப்பாட்டுக் காசை மற்றவர்கள் போட வேண்டும். "ஒரே ஒரு பீர்தான்" என்றால் மேலே போட்ட கணக்கை நினைவுபடுத்துங்கள்: 100.

வாசனை வராத போதை

மலையேறும் முன் வாந்தி வராமலிருக்க அவோமின் மாதிரி ஒரு மாத்திரை போடுவது சேலத்தில் வழக்கம். அதில் இருக்கும் ப்ரோமெத்தசின் நன்றாகத் தூக்கம் வரவைக்கும். காரிலோ பேருந்திலோ உட்கார்ந்து வருபவர் போடலாம், ஓட்டுபவர் போடவே கூடாது. சளிக்குக் கொடுக்கும் சிபிஎம் (குளோர்பெனிரமின்), செட்ரிசின், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை எல்லாம் இதே வகை. புது மருந்து எதுவானாலும் "வண்டி ஓட்டலாமா?" என்று மருந்துக் கடையிலேயே கேட்கப் பழக்குங்கள். இவற்றோடு மது சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஒரு கட்டிங்கே ஆளைச் சாய்த்துவிடலாம்.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் தாத்தா பாட்டியின் அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகளை எண்ணி, பூட்டி வையுங்கள். வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்தும் பழக்கமும் பையன்களிடையே இருக்கிறது. அதில் வாய் நாறாது. பேச்சு குழறும், இமை கனக்கும், நிற்கும்போது லேசாக ஆட்டம் தெரியும். கஞ்சாவில் கண் சிவக்கும், நேரக் கணிப்பும் தூரக் கணிப்பும் கெடும். பிரிவு 185-ல் போதைப்பொருளும் அடக்கம்.

சாவி எங்கே தொங்குகிறது

எல்லா வண்டிச் சாவியும் ஒரே இடத்தில், காலண்டர் ஆணிக்குப் பக்கத்தில் தொங்கட்டும். எடுப்பவர் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், அப்பா உட்பட. மாற்றுச் சாவி பீரோவுக்குள். ரகசியமாக டிராக்கர் மாட்டுவது வேண்டாம். அது தெரிய வரும் நாளில் தாள் கிழிந்துவிடும். மாட்டுவதென்றால் சொல்லிவிட்டு மாட்டுங்கள்.

ஒருவர் மயங்கிக் கிடந்தால்

இதைப் பிள்ளைகள் தனியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பயத்தில் "தூங்கட்டும்" என்று விட்டுவிட்டு எல்லோரும் வண்டியெடுத்துக் கிளம்பும் தருணம் இதுதான். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது என்றால் உடனே 108. மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மோர் ஊற்றக் கூடாது, தனியாக விடக் கூடாது. என்ன குடித்தான், எந்த மாத்திரை போட்டான் என்று ஆம்புலன்ஸில் வருபவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பைக்கில் நடுவில் உட்காரவைத்து இருவர் பிடித்துக்கொண்டு கொண்டுபோவது, உதவி என்ற பெயரில் இன்னொரு விபத்து.

தாளை மீறிவிட்டால்

மறுநாள் பேசும்போது முதலில் எது நடந்தது என்று பிரியுங்கள். குடித்தான், ஆனால் போன் செய்தான் என்றால் வண்டிச் சாவி ஆணிக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். குடித்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள். குடித்துவிட்டு ஓட்டினான், அல்லது குடித்தவன் பின்னால் ஏறினான் என்றால் சாவி மூன்று மாதம் பீரோவுக்குள், பேச்சுக்கே இடமில்லை. அந்த மூன்று மாதத்தையும் முன்கூட்டியே தாளில் எழுதியிருந்தால் அன்றைக்குக் கத்த வேண்டியிருக்காது. அப்பா மீறினாலும் அதே மூன்று மாதம், அதே பீரோ, சாவி அம்மாவிடம்.

மாதத்தில் இரண்டு மூன்று தடவை இதே பேச்சு வந்தால் வண்டியை விட்டுவிட்டுக் குடியைப் பார்க்க வேண்டும். போதைப் பழக்கத்துக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவச அழைப்பு. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரிலும் போகலாம். பிள்ளைக்கு மட்டும் அல்ல, அப்பாவுக்கும்.

தாளை வருடத்துக்கு ஒரு முறை புதிதாக எழுதுங்கள். 18 வயதில் லைசென்ஸ் வரும் நாள் அதற்குச் சரியான நாள். மூன்றாவது ஆளின் எண் மாறியிருக்கும், சங்கேத வரியும் இந்நேரம் நண்பர்களுக்குத் தெரிந்துபோயிருக்கும்.